சர்க்கரைக்காரருக்கு மாரடைப்பு வருவது ஏன்?

"டாக்டர், எனக்கு இருக்கிறது சர்க்கரை. நீங்க எதுக்கு நெஞ்சைப் பத்தியே கேக்கறீங்க?"

தாராசுரத்தில் என்னிடம் வைத்தியத்துக்கு வருகிறவர்களில் பல பேர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். சர்க்கரை வியாதி என்றால் கண், கால், சிறுநீரகம் இந்த மூன்றும்தான் கெடும் என்று நம் வீடுகளில் ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். கால் விரல் இடுக்கில் சின்னதாக ஒரு புண் வந்தால் வீடே பதறுகிறது. பதற வேண்டியதுதான். ஆனால், இந்த வியாதிக்காரர்களின் உயிரை அதிகமாகக் கொண்டு போவது மாரடைப்பும் பக்கவாதமும்தான். அமெரிக்காவில் ஃப்ராமிங்ஹாம் என்ற ஊரில் 1948-ல் தொடங்கி ஊர் மக்களையே வருஷக்கணக்காகக் கவனித்து வந்தார்கள். அதிலிருந்து 1979-ல் வந்த கட்டுரை, சர்க்கரை உள்ளவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பு நோய்கள் இரண்டிலிருந்து மூன்று மடங்கு அதிகம் என்று சொன்னது.

சித்த வைத்தியர் எதற்கு அமெரிக்கக் கதை பேசுகிறார் என்று நினைக்க வேண்டாம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் நாங்கள் நாடி பார்க்கப் படித்தபோதே, உடற்கூறும் உடல் இயங்கியலும் சேர்த்துத்தான் படித்தோம். நம் நூல்கள் மேகநோயை இருபது வகையாகப் பிரித்தன. அதில் இனிப்பாக நீர் இறங்குவதை மதுமேகம் என்றன. சிறுநீரின் நிறம், மணம், நுரை பார்த்தார்கள். அதில் எண்ணெய்த் துளி விட்டு, அது பரவும் விதத்தைப் பார்த்தார்கள். மீட்டர் இல்லாத காலத்தில் அது பெரிய காரியம். இன்றைக்கு மீட்டர் இருக்கிறது. அதையும் பார்ப்பதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

சரி, சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் நடுவில் நின்று கொண்டு வேலை செய்கிற அந்த மூன்றாவது ஆள் யார்? அழற்சி என்கிறார்கள். எங்கள் பாடப் புத்தகங்களில் இதற்குத் தாபிதம் என்று பெயர். விரலில் முள் குத்தினால் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிக்கிறதே, அதுதான் அழற்சி. உடம்பு தன்னைக் காத்துக் கொள்ள மூட்டுகிற தீ. முள்ளை எடுத்தால் நான்கு நாளில் அணைந்து விடும். நாம் பேசப் போவது அணையாமல் உமி மூட்டம் மாதிரி உள்ளேயே வருஷக்கணக்கில் கனன்று கொண்டிருக்கிற தீயைப் பற்றி. இதில் வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது.

ஒரு விஷயம். "எனக்கு உடம்பு சூடு, அதான் இந்த அழற்சியா?" என்று கேட்காதீர்கள். நாம் பேச்சுவாக்கில் சொல்கிற உடம்புச் சூடு வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி, இளநீரும் வெந்தயமும் குடித்தால் ரத்தக்குழாய் அழற்சி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறையப் பேர் சொல்கிறார்கள்.

பத்தாயம் நிறைந்தால்...

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் பத்தாயம் பார்த்திருப்பீர்கள். அறுவடை முடிந்து நெல் பத்தாயத்துக்குள் இருக்கிற வரை தொல்லை இல்லை. பத்தாயம் நிரம்பி, மூட்டைகளைக் கூடத்திலும் அடுக்களையிலும் அடுக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? எலி வரும். எலியை அடிக்க நாலு பேர் தடியோடு வருவார்கள். எலி சாகிறதோ இல்லையோ, பானை சட்டி உடையும்.

கொழுப்பின் கதையும் இதுதான். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புதான் நம் பத்தாயம். அது கொள்ளாமல் போனால், மிச்சம் வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும் ஈரலுக்குள்ளும் போய்ச் சேருகிறது. அங்கே புடைத்துப் போன கொழுப்பு அணுக்களைத் தேடி ரத்தத்தின் காவல்காரர்களான வெள்ளணுக்கள் வந்து கூடுகின்றன. அவை கக்குகிற ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. சாவி இருந்தும் பூட்டு திறக்காத நிலை. 1993-ல் பருத்த எலிகளின் கொழுப்பில் டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற அழற்சிப் பொருள் சுரப்பதையும், அதை முடக்கினால் இன்சுலின் மறுபடி நன்றாக வேலை செய்வதையும் அமெரிக்க விஞ்ஞானிகள் காட்டினார்கள். அதுவரை கொழுப்பு என்றால் சும்மா கிடக்கிற சரக்கு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இந்தத் தீயை அளக்க ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. சி.ஆர்.பி. என்று பெயர். 1930-ல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்த பழைய சரக்குதான் இது. ஈரல் இதைச் சுரக்கிறது. மிக நுட்பமாக அளக்கிற முறை வந்த பிறகுதான், நோய் எதுவும் தெரியாதவர்களின் ரத்தத்திலும் இது கொஞ்சம் கூடுதலாக இருப்பதும், அப்படிப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு அதிகம் வருவதும் 1997-ல் தெரிய வந்தது. 2001-ல் அமெரிக்கப் பெண்களிடம் நடத்திய ஆய்வில், சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தவர்களுக்கே பின்னால் சர்க்கரையும் அதிகம் வந்தது. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நம் ஆட்களிடமும் பார்த்து 2005-ல் எழுதினார்கள். உடம்பில் கொழுப்பு கூடக் கூட சி.ஆர்.பி. கூடியது, சர்க்கரையும் இதய நோயும் உள்ளவர்களிடம் அதிகமாக இருந்தது.

"நான் ஒல்லிதானே?"

தாராசுரம் பட்டு நெசவு ஊர். குழித்தறியில் காலை இறக்கி உட்கார்ந்தால் நாள் முழுக்க உட்கார்ந்தபடியே வேலை. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் வந்து நிற்கிறவர்களைத் தெருவுக்குத் தெரு காட்டலாம். இது நெசவாளிக்கு மட்டும் வருவதில்லை. பாங்கிலும் கடைக் கல்லாவிலும் உட்காருகிறவருக்கும் இதே கதிதான். "எனக்கு எடை 62 கிலோதான் டாக்டர், எனக்கு எப்படிச் சர்க்கரை?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்கிற கதை ஒன்று உண்டு.

புனேயில் டாக்டர் யாஜ்னிக் என்று ஒரு ஆராய்ச்சியாளர். லண்டனில் டாக்டர் யுட்கின். இருவரும் நண்பர்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு இருவருக்கும் அச்சாக ஒன்று: 22.3. உடம்பின் கொழுப்பை அளந்தார்கள். வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2 சதவீதம்! இருவரும் சேர்ந்து நிற்கிற படத்தோடு 2004-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார்கள். ஆகவே தராசை மட்டும் நம்பாதீர்கள். டெய்லர் கடை டேப்பை எடுத்து வயிற்றை அளங்கள். ஆண்களுக்கு 90 சென்டி மீட்டர், பெண்களுக்கு 80 சென்டி மீட்டர். அதற்கு மேல் போனால் பத்தாயம் நிரம்பி விட்டது என்று அர்த்தம்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை. இன்னும் 13 கோடிக்கு மேல் பேர் எல்லைக் கோட்டில் நிற்கிறார்கள். எல்லைக் கோட்டில் நிற்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி சென்னையிலிருந்தே உண்டு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் அப்படிப்பட்ட 531 பேரை எடுத்து மூன்று வருஷம் பார்த்தார்கள். சும்மா விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடை, சாப்பாட்டு மாற்றம் என்று பழக்கியவர்களில் 39.3 சதவீதம். மாத்திரை கொடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவுதான். 2006-ல் வந்த முடிவு இது. காசு செலவில்லாத நடை, மாத்திரைக்குச் சமமாக நின்றது!

வரப்பில் நண்டு வளை

ரத்தக்குழாய் அடைப்பை வாய்க்காலில் வண்டல் சேருவது மாதிரி என்று சொல்லிக் கொடுப்பார்கள். பாதிதான் சரி. விவசாயிக்குத் தெரியும், வரப்பு உடைவது வண்டலால் இல்லை, நண்டு வளையால். மேலே பார்த்தால் கெட்டியாக இருக்கும். உள்ளே நண்டு குடைந்து வைத்திருக்கும். ஒரு ராத்திரி மழையில் மடமடவென்று உடைப்பு எடுக்கும்.

கெட்ட கொழுப்பு ரத்தக்குழாயின் சுவருக்குள் நுழைகிறது. சர்க்கரை மிகுந்த ரத்தம் சுவரின் உள்பூச்சைக் கெடுத்து அதற்கு வழி விடுகிறது. வெள்ளணுக்கள் பின்னாலேயே போய்க் கொழுப்பை விழுங்கி, அங்கேயே தங்கி, மேல்மூடியை அரிக்கின்றன. ஒரு நாள் மூடி கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாய் அடைத்துக் கொள்கிறது. அதனால்தான், போன மாசம் வரை நன்றாக நடந்தவர் திடீரென்று விழுகிறார். அடைப்பு 40 சதவீதமாகவே இருந்திருக்கலாம், மூடிதான் பலவீனம்.

அப்படியானால் அழற்சியை மட்டும் அணைத்தால் மாரடைப்பு குறையுமா? 2017-ல் இதற்கு நேரடி விடை கிடைத்தது. பாஸ்டனைச் சேர்ந்த டாக்டர் பால் ரிட்கர் தலைமையில், ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி.யும் கூடுதலாக இருந்த 10,061 பேருக்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். கொழுப்பின் அளவை அந்த ஊசி குறைக்கவே இல்லை. அழற்சியை மட்டும் தணித்தது. நடு அளவில் மருந்து பெற்றவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயச் சாவு எல்லாம் சேர்த்து 15 சதவீதம் குறைந்தது. ஆனால் தீயை அணைத்தால் காவலும் போகும் அல்லவா, தொற்றுநோயால் சாவது சற்றே கூடியது. விலையோ எட்டாத விலை. புதிதாகச் சர்க்கரை வருவதையும் அது தடுக்கவில்லை. எனவே கதை நாம் நினைக்கிற அளவு சுலபமில்லை. மெத்தோட்ரெக்ஸேட் என்ற பழைய மருந்தை இதே நோக்கத்தில் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை.

செங்காந்தள் சங்கதி

இனி வருவது நம் ஊர்ச் சங்கதி. கவனமாகப் படியுங்கள்.

வேலியோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் நெருப்புப் போலப் பூக்குமே, செங்காந்தள், அது நம் மாநிலப் பூ. கார்த்திகைப் பூ என்பார்கள். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. கண்வலிக் கிழங்கு என்றும் சொல்வதுண்டு. இதன் விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்ற சத்து இருக்கிறது. வேதாரண்யம், ஜெயங்கொண்டம், மூலனூர், ஒட்டன்சத்திரம் பகுதிகளிலிருந்து இந்த விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. கால் பெருவிரல் வீங்குகிற கௌட் வாதத்துக்கு வெகுகாலமாகக் கொடுத்து வரும் மருந்து அது.

இதே கோல்ச்சிசினைத் தினம் அரை மில்லி கிராம் வீதம் மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் கனடாவிலிருந்து வந்த ஆய்வில் 4,745 பேர். மறுபடி இதயத் தொல்லை வந்தது மருந்து சாப்பிட்டவர்களில் 5.5 சதவீதம், சாப்பிடாதவர்களில் 7.1 சதவீதம். 2020-ல் இன்னொரு ஆய்வும் சாதகமாகவே முடிந்தது. 2023-ல் அமெரிக்க அரசு இதயத்துக்கென்றே இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது. ஆனால் 2024-ல், ஏழாயிரம் பேருக்கு மேல் சேர்த்த பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆக, பெரியவர்களுக்குள்ளேயே வழக்கு இன்னும் முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு யாராவது வேலியில் கிழங்கைத் தோண்டப் போனால் என் மேல் பாவம். கலப்பைக் கிழங்கு கொடிய விஷம். கிராமத்துப் பெண்கள் மனம் உடைந்து அரைத்துக் குடித்த கிழங்கு இதுதான். முதலில் வாந்தி, பேதி. அது கொஞ்சம் அடங்குவது போலத் தெரியும். பிறகு ரத்தம் ஊறுவது நின்று, உறுப்புகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். முறிமருந்து கையில் கிடையாது. சித்தத்தில் இதைச் சுத்தி செய்து பயன்படுத்தும் முறை உண்டு. அதுவும் வெளிப்பூச்சுக்கும், தேர்ந்த கையால் அளந்து கொடுப்பதற்கும்தான். அரை மில்லி கிராம் என்பது எவ்வளவு? ஒரு உப்புக் கல்லை விடச் சின்னது. அதை அம்மியில் அரைத்து எப்படி அளப்பீர்கள்? மாத்திரையாக வந்தாலும், சிறுநீரகம் கெட்டவருக்கு இது ஆபத்து. சர்க்கரைக்காரரில் எத்தனை பேருக்குச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும். இதய மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும் சாப்பிடுங்கள்.

சோறும் வெற்றிலையும்

தஞ்சாவூர் ஜில்லாக்காரனிடம் சோற்றைக் குறை என்று சொல்வது, கும்பகோணத்துக்காரரிடம் காப்பியை விடு என்பது மாதிரி. ஆனாலும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. 21 நாடுகளில் 1,32,373 பேரைப் பார்த்த ஆய்வு 2020-ல் வந்தது. நாளுக்கு மூன்று கப்புக்கு மேல், அதாவது 450 கிராமுக்கு மேல் வெள்ளைச் சாதம் சாப்பிடுகிற தெற்காசியர்களுக்கு, ஒரு கப்போடு நிறுத்துகிறவர்களை விட 61 சதவீதம் அதிகமாகச் சர்க்கரை வந்தது. நம் வீட்டில் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று தடவை வாங்கும்போதே மூன்று கப் ஆகிவிடுகிறது. அது மத்தியானக் கணக்கு மட்டும்.

"அப்ப மாப்பிள்ளைச் சம்பா சாப்பிடலாமா?" சாப்பிடலாம். மறைந்த நெல் ஜெயராமன் போன்றவர்கள் பாடுபட்டு மீட்டுக் கொடுத்த ரகங்களை நம் ஊர்க்காரர்கள் சாப்பிட வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் அதுவும் அரிசிதான். சென்னையில் எடை கூடிய 166 பேருக்கு மூன்று மாதம் தவிடு நீக்காத புழுங்கல் அரிசியும், மூன்று மாதம் வெள்ளை அரிசியும் கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் முடிவு வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் சர்க்கரை அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. தொப்பை, ரத்த அழுத்தம் எல்லாம் கூடியிருந்தவர்களுக்கு மூன்று மாதச் சராசரி கொஞ்சம் இறங்கியது. சி.ஆர்.பி. விஷயத்தில் மட்டும் பழுப்பரிசி வெள்ளையரிசியை விட நல்ல பேர் வாங்கியது. ரகத்தை மாற்றுங்கள், கூடவே அளவையும் குறையுங்கள். எங்கள் தாராசுரம் காய்கறி மார்க்கெட்டில் அவரை, கொத்தவரை, புடலை, வாழைத்தண்டு கிடைக்காத நாள் இல்லை. சோற்றின் நடுவில் ஒரு ஓரமாகக் கறி வைக்கிற வழக்கத்தை மாற்றி, முதலில் கறி, கூட்டு, பருப்பு வைத்துவிட்டு மிச்ச இடத்தில் சோறு போடச் சொல்லுங்கள். பரிமாறுகிற கைதான் இதில் வைத்தியர்.

அடுத்து வாய். ஈறு வீங்கிச் சீழ் பிடித்திருந்தால் அதுவும் அணையாத தீதான். சர்க்கரை ஈறைக் கெடுக்கும். கெட்ட ஈறு சர்க்கரையை ஏற்றும். பல் மருத்துவரிடம் போய் ஈறைச் சுத்தம் செய்து வைத்தியம் பார்த்தவர்களுக்கு, மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 சதவீத அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கிற பலனில் பாதி இது! வெற்றிலையை நான் குறை சொல்லவில்லை. கூடப் போகிற புகையிலையை விட்டுவிடுங்கள். பீடி, சிகரெட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

மாத்திரையை நிறுத்தலாமா?

"சித்த மருந்து ஆரம்பிச்சாச்சு, இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திடலாமா?" கூடாது. ஆவாரைக் குடிநீர் நல்ல மருந்து. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை சேர்ந்தது. மருதம்பட்டை இதயத்துக்கு என்று பேர் பெற்றது. திருவிடைமருதூர்க் கோவிலின் தல விருட்சமே மருதம்தான். மதுமேகத்துக்கான குடிநீரில் இதயத்துக்கான பட்டையைச் சேர்த்தவர்கள் இரண்டு நோய்க்கும் உள்ள உறவைக் கண்டிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும். தோன்றுவதுதான், நிரூபணம் இல்லை. குடிநீரைத் துணையாகச் சேர்க்கலாம். இன்சுலினையோ, அழுத்த மாத்திரையையோ, கொழுப்பு மாத்திரையையோ அது இடம் பெயர்க்காது. இரண்டு மருந்தும் சேர்ந்து சர்க்கரை தாழ்ந்து விடவும் கூடும். எனவே இரண்டு வைத்தியருக்கும் இரண்டு சீட்டையும் காட்டுங்கள்.

பேர் ஊர் இல்லாத பொட்டலத்தில் வருகிற பொடியைத் தொடாதீர்கள். 2008-ல் சிங்கப்பூரில் கள்ளத்தனமாக விற்ற ஆண்மை மருந்துகளில் கிளிபென்கிளமைட் என்ற சர்க்கரை மாத்திரைச் சரக்கு கலந்திருந்தது. சர்க்கரையே இல்லாத 150 பேர், சர்க்கரை தாழ்ந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். நாலு பேர் இறந்தார்கள். "சாப்பிட்ட மூணாம் நாளே சர்க்கரை இறங்கிச்சு" என்று யாராவது ஒரு பொடியைப் புகழ்ந்தால், எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தால் எவ்வளவு பலன்? டென்மார்க்கில் சிறுநீரில் புரதம் இறங்க ஆரம்பித்த 160 சர்க்கரைக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம். மறு பாதிக்குச் சர்க்கரை, அழுத்தம், கொழுப்பு, நடை, சாப்பாடு எல்லாம் ஒரே சமயத்தில் கெடுபிடியாக. ஏறக்குறைய எட்டு வருஷத்தில் இதய, ரத்தக்குழாய்த் தொல்லைகள் பாதியாகக் குறைந்தன. 21 வருஷம் கழித்து 2016-ல் கணக்குப் பார்த்தபோது, கெடுபிடிப் பாதி சுமார் எட்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்திருந்தது. அந்த எட்டு வருஷத்தில் ஒரு பேத்தி கல்யாணத்தைப் பார்த்துவிடலாம்.

சி.ஆர்.பி. பரிசோதனை எல்லோருக்கும் அவசியமில்லை. மூன்று மாதச் சராசரி, ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரில் புரதம் இவைதான் முதலில். இதயத்துக்கென்று சி.ஆர்.பி. பார்த்தால் லிட்டருக்கு 1 மில்லி கிராமுக்குக் கீழே நல்லது. 3-க்கு மேல் கூடுதல். 10-க்கு மேல் இருந்தால் சளியோ, புண்ணோ இருக்கும்; ஆறிய பிறகு திரும்பப் பாருங்கள். எண்ணைப் பார்த்துப் பயந்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக் கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஒன்று. வெகுநாள் சர்க்கரையில் நரம்பு மழுங்கி, மாரடைப்பே வலியில்லாமல் வரும். திடீர் வியர்வை, மூச்சு வாங்கல், தாடையிலோ இடது கையிலோ கனம், நெஞ்சு கரிப்பு, காரணமில்லாத அசதி, இவற்றில் எது வந்தாலும் வாயு என்று பெருங்காயத்தையும் ஓமத்தையும் தேடிக் கொண்டிருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஈ.சி.ஜி. எடுக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நோயாளியை மாடிப்படி இறங்க விடாமல் நாற்காலியில் வைத்துத் தூக்கி வாருங்கள். மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துக் கொள்ளுங்கள்.